நான்கை விடப் பெரியது, மைனஸ் ஒன்றை விடச் சிறியது

கணக்கு சார் விடைத்தாளைக் கையில் கொடுக்க மாட்டார். மேசையிலிருந்தே வீசுவார். நல்ல மார்க் வாங்கியவளுடைய தாள் முதல் பெஞ்சுக்குப் போய்ச் சேரும். என் மாதிரி ஆட்களுடையது பாதி வழியில் தரையில் விழும். நாம்தான் எழுந்து போய்க் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

“அடி அண்ணாமல, அறுவத்தாறு” என்றார்.

எனக்குத் தேவகி என்று ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் அதை அவரே வாசித்துக்கொண்டும் இருந்தார். ஆனாலும் பிளஸ் ஒன் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு நான் அடி அண்ணாமலை என்ற என் ஊர்தான். வேங்கிக்கால் பக்கத்திலிருந்து வந்த அதிகாரி வீட்டுப் பெண்களை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

காலாண்டுத் தேர்வு. இருநூறுக்கு அறுபத்தாறு. எழுபதுக்கு நான்கு குறைவு.

அந்த நான்கின் விலை தெரிய வேண்டுமானால் எங்கள் பள்ளியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலாண்டில் கணக்கில் எழுபது எடுக்காத பெண்ணை முதல் குரூப்பிலிருந்து கழற்றி வரலாறு குரூப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். எந்த அரசாணையிலும் இப்படி இல்லை. பன்னிரண்டாவதில் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு. திங்கட்கிழமை காலை பெயர்ப் பட்டியல் நோட்டீஸ் பலகையில் ஒட்டப்படும். அன்று வியாழக்கிழமை.

வரலாறு என்ன பாவம் செய்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அதை ஆசையாகப் படிக்க வந்த பெண்களும் அந்த வகுப்பில் இருந்தார்கள். கணக்கில் தள்ளப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடமாக அதை ஆக்கிவைத்தது யார்?

எனக்குக் கணக்கு வேண்டும். அவ்வளவுதான். இஞ்சினியர், டாக்டர் என்றெல்லாம் கனவு எதுவும் இல்லை. ஒரு கணக்கு முடிந்து விடை வந்து நிற்கும்போது வருகிற நிம்மதி எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

தாளைத் தரையிலிருந்து எடுத்துப் புரட்டினேன். ஐந்தாம் பக்கத்தில், சிவப்பு மையில், ஒரு முட்டை. ஐந்து மார்க் கணக்குக்கு முழு முட்டை. அதை யார் போட்டது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

சிவப்புப் பேனா

சார் தாள் திருத்த மாட்டார். இது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் உட்பட. ஞாயிற்றுக்கிழமை டியூஷனில் கட்டைப் பிரித்துப் போட்டு, சொன்னபடி செய்கிற நான்கைந்து பெண்களிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்துவிடுவார். சார் எழுதிக் கொடுத்த விடையோடு ஒத்துப்போனால் மார்க், போகாவிட்டால் முட்டை. யோசிப்பதற்கு அங்கே வேலை இல்லை.

பள்ளி இருந்த டவுன் மாவட்டத் தலைநகராகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம் அது. புது அலுவலகங்கள் வந்தன, அவற்றோடு அதிகாரிகள் குடும்பமாக வந்தார்கள், அவர்களோடு டியூஷன் வந்தது. தேரடித் தெருப் பக்கம் ஒரு மாடி அறையில் சார் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்குவார். எங்கள் ஊரிலிருந்து முதல் டவுன் பஸ் கிளம்புவதே ஆறரைக்கு. நான் போயிருக்கவே முடியாது.

போகாததன் தண்டனை வகுப்பில் கிடைத்தது. ஈருறுப்புத் தேற்றம் என்ற பாடத்தைச் சார் எப்படி நடத்தினார் தெரியுமா? கரும்பலகையில் சூத்திரத்தை ஒரு வரி எழுதினார். சாக்பீஸைக் கீழே வைத்தார். “மிச்சத்த பாத்துக்கோங்க” என்றார். மிச்சம் மாடி அறையில் இருந்தது. அரசாங்கச் சம்பளத்துக்கு ஒரு வரி, மாடி அறைக்கு முழுப் பாடம். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது மடல் சூடாகிறது.

சிவப்புப் பேனா பெண்களில் ஒருத்தி கஸ்தூரி. என் பெஞ்சுக்காரி. சாத்தனூர் ரோட்டுப் பக்கம் வீடு. மத்தியானம் எனக்குப் புளிசாதம் கொடுத்து என்னுடைய வேர்க்கடலைத் துவையலை வாங்கிக்கொள்வாள். அவள் பூஜ்ஜியம் போட்டால் கடைசியில் சின்னதாக ஒரு சுழி இருக்கும், வாலைச் சுருட்டின மாதிரி. என் தாளில் அந்தச் சுழி இருந்தது.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கணக்கு

போன வாரம் இந்தத் தொடரில் ஒரு சமன்பாட்டைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கே, “நினைவுகள் எழுதச் சொன்னால் பாடம் நடத்துகிறீர்கள்” என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டார். இந்த வாரம் அவர் இன்னும் அதிகம் கோபித்துக்கொள்ளலாம். கணக்கைச் சொல்லாமல் இந்த அநியாயத்தைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஐந்தே நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

|2x − 3| > 5. இதுதான் கேள்வி. x என்னவாக இருக்கலாம்?

இரண்டு நிமிர்ந்த கோடுகளுக்கு நடுவில் இருப்பதற்கு மட்டு என்று பெயர். பிளஸ்ஸா மைனஸா என்பதை விட்டுவிட்டு, பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கச் சொல்லும் குறி அது. எனக்கு இது புரிந்தது ஒரு பௌர்ணமிப் பகலில். கிரிவலம் வருகிறவர்களுக்காக அம்மா பாதையோரம் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பாள். நான் கூடைக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். ஒருவர் வந்து, துணைக்கு வந்தவரைக் காணோம் என்றார். “ரெண்டு கம்பத்துக்கு மேல தள்ளி இருக்க மாட்டாங்க, பாருங்க” என்றாள் அம்மா. அவர் எந்தப் பக்கம் என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தூரத்தை மட்டும் சொன்னால் ஆள் இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். 2x − 3 பூஜ்ஜியத்திலிருந்து ஐந்துக்கு மேல் தள்ளி என்றால், வலது பக்கம் தள்ளி இருந்தால் 2x எட்டைத் தாண்டும், x நான்கை விடப் பெரியது. இடது பக்கம் தள்ளி இருந்தால் 2x மைனஸ் இரண்டுக்குக் கீழே போகும், x மைனஸ் ஒன்றை விடச் சிறியது. இது, அல்லது அது. நான் தாளில் அப்படியே எழுதியிருந்தேன். x > 4 அல்லது x < −1.

சார் மாடி அறையில் கொடுத்த விடை வேறு. மட்டு ஐந்தை விடச் சிறியது என்றால் x மைனஸ் ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருக்கும், −1 < x < 4. அது சரி. பெரியது என்று வந்தால் குறிகளைத் திருப்பிப் போட்டுவிடு என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அதன்படி −1 > x > 4.

இதைத் தமிழில் படித்துப் பாருங்கள். x மைனஸ் ஒன்றை விடச் சிறியது, அதே x நான்கை விடப் பெரியது. கையில் ஒரு ரூபாய்கூட இல்லை, கடன் வேறு இருக்கிறது என்கிற ஆள், அதே நேரத்தில் நான்கு ரூபாய்க்கு மேல் வைத்திருக்கிறான் என்பது மாதிரி. அப்படி ஒரு எண் உலகத்தில் கிடையாது. அந்த இல்லாத எண்ணுக்கு எங்கள் வகுப்பில் நாற்பது பேருக்கு ஐந்து ஐந்து மார்க் விழுந்திருந்தது.

இன்னொரு கணக்கிலும் இதே கதை. (x − 2/x)⁶ என்பதை விரித்தால் அதில் x இல்லாத உறுப்பு எது? எனக்குப் பொது உறுப்புச் சூத்திரத்தை யாரும் நடத்தவில்லை. பாடப்புத்தகத்தில் பாஸ்கல் முக்கோணம் இருந்தது, 1, 6, 15, 20, 15, 6, 1 என்று ஆறாவது வரி. அதை வைத்து ஏழு உறுப்புகளையும் ஒன்று விடாமல் எழுதினேன். நடுவில் −160 வந்து நின்றது. சரியான விடை. சார் கொடுத்த விடையும் அதேதான். ஆனால் வழி அவருடையது இல்லை என்பதால் பத்துக்கு இரண்டு.

அந்த எட்டைக்கூட விட்டுவிடத் தயாராக இருந்தேன். முட்டையை விட மனம் வரவில்லை.

எண்கோடு எதைச் சுற்றுகிறது?

தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சார், இந்தக் கணக்கு சரியாத்தான் போட்டிருக்கேன்.”

“எல்லாரும் ஒரு மாதிரி எழுதியிருக்காங்க, நீ ஒரு மாதிரி எழுதியிருக்க. அப்ப யாரு சரி?”

“சார், மைனஸ் ஒண்ணுக்குக் கம்மியா, நாலுக்கு ஜாஸ்தியா ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க சார். சொல்லிட்டா உக்காந்துடறேன்.”

நான் திமிராகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படி ஒரு எண் இருந்து எனக்குத் தெரியாமல் போயிருக்குமோ என்று ஒரு மூலையில் பயம் இருந்தது. பதினாறு வயதில் எதிரே நிற்கிற பெரிய மனிதர் முட்டாளாக இருக்க முடியும் என்று நம்பத் தோன்றாது.

அவர் சாக்பீஸை எடுத்தார். பலகையில் ஒரு எண்கோடு போட்டார். மைனஸ் ஒன்றைக் குறித்தார், நான்கைக் குறித்தார். மைனஸ் ஒன்றிலிருந்து இடது பக்கம் ஒரு அம்புக்குறி. நான்கிலிருந்து வலது பக்கம் ஒரு அம்புக்குறி. இரண்டும் ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருந்தன. அவர் கை அங்கேயே நின்றது.

அந்த நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது. கழுத்து அசையவில்லை. அவர் முட்டாள் இல்லை. மனக்கணக்காகவே மடக்கை போடுகிற மனுஷன். பல வருடமாக எழுதிக் கொடுத்த ஒரு வரியைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தவர், அவ்வளவுதான். அந்த நொடியில் திரும்பி, “தப்பாப் போச்சு, அழிச்சிக்கோங்க” என்று சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு அவரைப் பற்றி வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

அவர் திரும்பினார். சிரித்தார்.

“நீ அடி அண்ணாமல இல்ல? உங்க ஊர்லேர்ந்து ஒருத்தன் வலம் போறான். போய்க்கினே இருக்கான். கடைசில எங்க வந்து நிப்பான்? பொறப்பட்ட எடத்துக்கே வந்துடுவான் இல்ல? இந்தப் பக்கம் போனவன் அந்தப் பக்கமா வர்றானா இல்லியா? தினம் அந்தப் பாதையில வர்ற உனக்கு இது கூடத் தெரியலியே.”

வகுப்பு சிரித்தது. மலையைச் சுற்றிப் போகிற ஊரில் இந்த விளக்கத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது என்று அவர் நினைத்திருப்பார். வேறு எந்த ஊர் வாத்தியாருக்கும் இப்படி ஒரு பொய் வாயில் வந்திருக்காது.

“பாதை மலையச் சுத்துது சார். எண்கோடு எதச் சுத்துது?”

சிரிப்பு நின்றுவிட்டது.

தூக்கிய கைகள்

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் மறக்கப்போவதில்லை.

“சரி. உனக்கு அஞ்சு மார்க் போட்டுடறேன். அப்போ மத்தவங்க எழுதுனது தப்பு. எல்லாருக்கும் அஞ்சு கொறைக்கணும், அதான நியாயம்?” என்றார். வகுப்பைப் பார்த்தார். “எழுவதுலேர்ந்து எழுவத்தி நாலு வரைக்கும் வாங்குனவங்க கை தூக்குங்க.”

ஆறு கைகள் எழுந்தன. அதில் ஒன்று கஸ்தூரியுடையது. மற்றவர்களுக்குத் தாள் திருத்துகிறவள், சார் கொடுத்த விடையை அச்சுப் பிசகாமல் எழுதுகிறவள், எழுபத்திரண்டுதான் வாங்கியிருந்தாள். எனக்கு அதுவரை அது தெரியாது. பயத்தில் பாதி கணக்குகளை அடித்து அடித்து எழுதுவாள் என்பது மட்டும் தெரியும்.

“பாத்துக்கோ. ஒனக்கோசரம் இவங்க ஆறு பேரும் திங்கக்கெழம ஹிஸ்டரிக்குப் போகணும். சொல்லு, கொறைக்கட்டுமா?”

தப்பாகச் சொல்லிக் கொடுத்தது அவர். மார்க் போட்டது அவருடைய ஏற்பாடு. தீர்ப்பு சொல்ல வேண்டியது நான். இதைவிடக் கேவலமான ஒன்றை ஒரு வகுப்பறையில் நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நானும் இருபது வருடத்துக்கு மேல் வகுப்பறையில்தான் நிற்கிறேன்.

“அவங்களுக்குக் கொறைக்க வேணாம் சார். எனக்குப் போடுங்க.”

“ஒரு கணக்குக்கு ரெண்டு விடையா? அது எந்த ஊர் கணக்கு?”

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கையைக் கீழே போட்டுவிட்டு மேசையில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவள் புளிசாதத்தை நான் தொடவில்லை. அவளும் கேட்கவில்லை.

நான்கு வரி

பெரிய டீச்சர் நல்லவர். இந்த வார்த்தையை யோசித்துத்தான் எழுதுகிறேன். நல்லவர்கள் செய்கிற காரியத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும் இல்லையா?

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. அப்பாவைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். மல்லாட்டை பிடுங்குகிற நேரம். ஆட்களை விட்டுவிட்டு வந்திருந்தார், கால் நகத்தில் செம்மண் அப்படியே இருந்தது. பெரிய டீச்சர் என் தாளை வாங்கிப் பார்த்தார். தமிழ் நடத்துகிறவர். இருந்தாலும் சாரைப் பார்த்து, “நாலுக்கு மேல இருக்கறது எப்படி சார் மைனஸ் ஒண்ணுக்குக் கீழ இருக்கும்?” என்று கேட்டுவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

சார், “அது ஹையர் மேத்ஸ் மேடம்” என்றார்.

பெரிய டீச்சருக்கு அடுத்த வருடம் ஓய்வு. பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு கணக்கு ஆசிரியர். தாளை மடித்து மேசையில் வைத்தார். “கருணை மதிப்பெண்ணுன்னு நாலு போடலாம். எனக்கு அதிகாரம் இருக்கு. எழுவது ஆயிடும். பொண்ணு ஒரு கடிதம் மட்டும் எழுதிக் குடுக்கட்டும்” என்றார்.

கடிதத்தை சார் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். காலாண்டுத் தேர்வில் மேற்படி கணக்குக்கு நான் எழுதிய விடை தவறானது. இது குறித்து வகுப்பில் யாரிடமும் இனிப் பேச மாட்டேன். கருணை கூர்ந்து நான்கு மதிப்பெண் வழங்கும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

“தவறானது” என்ற இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். கண்ணீர் வரவில்லை. அப்பா என்னைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“எழுதிக் குடுத்துடும்மா. நாலு வரிதான.”

“நான் போட்டது சரிப்பா.”

“எது சரின்னு உனக்குத் தெரியுது இல்ல? தெரிஞ்சா போதும். இவங்க ஒத்துக்கினா இன்னா, ஒத்துக்காட்டி இன்னா? நீ படிக்கணும், அதப் பாரு.”

எழுதிக் கொடுத்தேன். தவறானது. என் கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகாக வந்திருந்தது. திங்கட்கிழமை பட்டியலில் என் பெயர் இல்லை. முதல் குரூப்பில், அதே பெஞ்சில், கஸ்தூரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கணக்கு கிடைத்துவிட்டது. பிச்சையாகக் கிடைத்தது.

எனக்குச் சரியாகப் போட்டதற்கு மார்க் இல்லை, தப்பு என்று பொய் சொன்னதற்கு நான்கு மார்க். அந்த நான்கை என் மார்க் அட்டையில் தனி வரியில் எழுதியிருந்தார்கள்.

சார் தன் நோட்ஸைத் திருத்தினாரா என்று கேட்பீர்கள். திருத்தவில்லை. திருத்தினால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. தெரிந்தே, அதே வரியை அப்படியே விட்டுவைத்தார்.

குழாயடியில்

முழு ஆண்டுத் தேர்வு சித்திரை வெயிலில் வந்தது. அந்த வருடம் தாள்களை வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பித் திருத்துவார்கள் என்று பேச்சு. கணக்குப் பரீட்சை அன்று காலை குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி வந்து நின்றாள்.

ஏழு மாதமாக நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். ரப்பர் கொடு, தள்ளி உட்காரு, அவ்வளவுதான். அவள் இரண்டு மூன்று தடவை பேச வந்ததும் உண்டு. நான் முகம் கொடுக்கவில்லை.

“தேவி, அந்த மட்டுக் கணக்கு வந்தா எப்டி எழுதறது? உன்னுதா, சாருதா?”

என் கையில் சொம்பு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஜில்லென்று பாதத்தில் விழுந்தது. ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ‘அல்லது’ போடு என்று சொன்னால் அவளுக்குப் புரிந்திருக்கும்.

“சார் சொன்னதையே எழுது” என்றேன். “நான் எழுதுனது தப்புன்னு லெட்டரே குடுத்துருக்கேன் இல்ல?”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “நெஜமாவா?” என்றாள்.

“நெஜமாதான்.”

கணக்கு வந்தது. எண்கள் மட்டும் மாறியிருந்தன. நான் ‘அல்லது’ போட்டு எழுதினேன், முழு மார்க் வாங்கினேன். சார் வழியில் எழுதிய அத்தனை பேருக்கும் வெளியூர் ஆசிரியர் முட்டை போட்டார். வெளியூர்க்காரன் வஞ்சம் வைத்துத் திருத்தினான் என்று சார் வராந்தாவில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு ஐந்து போனதில் பெரிய நஷ்டம் இல்லை. கஸ்தூரி அறுபத்தெட்டு. இரண்டு மார்க்கில் ஃபெயில்.

இன்னொரு வருடம் பிளஸ் ஒன்னில் உட்கார வைக்க அவர்கள் வீட்டில் சம்மதிக்கவில்லை. ஜூன் மாதம் அவள் அண்ணன் வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனார். என் பக்கத்தில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

எது சரி என்று எனக்குத் தெரிந்தால் போதும் என்றார் அப்பா. போதவில்லை.

ஜெராக்ஸ் கடை

பிறகு நான் கணக்கிலேயே பட்டம் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, மாவட்டத்தின் இன்னொரு மூலையில் வேலைக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியிருக்கும். ஒரு நாள் பணிப் பதிவேட்டு விஷயமாக வேங்கிக்கால் அலுவலகத்துக்கு வந்தேன். நகல் கேட்டார்கள். எதிரே வரிசையாக ஜெராக்ஸ் கடைகள். கூட்டம் குறைவாக இருந்த கடையில் நுழைந்தேன்.

மெஷின் பக்கத்தில் கஸ்தூரி நின்றிருந்தாள். சதை போட்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடையாளம் தெரிந்தது.

கடை அவளும் வீட்டுக்காரரும் நடத்துவது. இரண்டு பிள்ளைகள். நான் கணக்கு டீச்சர் என்றதும், “பின்ன, நீ வேற இன்னாவா ஆவ?” என்று சிரித்தாள். டீ வரவழைத்தாள். மெஷினிலிருந்து சூடாக வந்த தாள்களை அடுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசினாள்.

“கஸ்தூரி, அன்னிக்குக் கொழாயடில...” என்று ஆரம்பித்தேன்.

“ம்.”

“எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்.”

அவள் தாள்களைத் தட்டிச் சமப்படுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

“உன் பேப்பர் திருத்தும்போது நானும் தனியா ஒரு தாள்ல போட்டுப் பாத்தேன். நீ எழுதுனதுதான் வந்துச்சு” என்றாள். “சார்கிட்ட கேக்க பயம். முட்ட போட்டுட்டேன். அப்பறம் உங்கிட்ட சொல்லணும்னு எத்தினியோ தடவ வந்தேன், நீ பேசல.”

“அப்பறம் ஏன் பரீட்சைல...”

“அதுக்குத்தான கொழாயடிக்கு வந்தேன். நீ உன்னுது சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எழுதியிருப்பேன். நீயே தப்புன்னுட்ட. கணக்குல உனக்குத் தெரியாதது எனக்கா தெரியப்போவுது? ரெண்டு பேருமே தப்பா போட்டிருக்கோம்னு நெனச்சிக்கினேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அவ்ளோ கோவமாடி எம்மேல?”

ஆமாம் என்றேன்.

யாரோ வந்து ரேஷன் கார்டை நீட்டினார்கள். அவள் மெஷின் பக்கம் திரும்பினாள்.

சாரைப் பற்றி எனக்கிருக்கும் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. குறையவும் வேண்டாம். ஆனால் இதையும் எழுதிவைக்க வேண்டும். என் விடை தவறானது என்று என்னை எழுத வைப்பதற்கு அன்றைக்கு மூன்று பெரியவர்கள் சுற்றி நிற்க வேண்டியிருந்தது. கஸ்தூரியிடம் அதையே சொன்னபோது என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.